நாலு சில்லு வண்டியும் பித்தளை ஜெட்டுகளும்

வெள்ளை சாட்டின் துணிக்கு நடுவில் காபரேட்டர் கிடந்தது.

அது ஒரு மணப்பெண்ணின் உடுப்பு. கழுத்தில் முத்து வைக்கும் இடங்களைப் பென்சிலால் குறித்துவிட்டு, அடுப்பில் இருந்த கறியைப் பார்க்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் என் தையல் மேசையில் ஒரு பழைய பேப்பர், அதன் மேல் அந்த எஞ்சின் சாமான். அதிலிருந்து ஒழுகிய பெற்றோல் பேப்பரை நனைத்து, சாட்டின் ஓரத்தையும் தொட்டுவிட்டிருந்தது.

என் கணவர் நியாஸ் டோர்ச் லைட்டை வாயில் கவ்விக்கொண்டு, குனிந்து அதன் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான்! இது கலியாண உடுப்பு!"

டோர்ச்சை வாயிலிருந்து எடுத்தார். "இந்த மேசைலதான் புள்ள வெளிச்சம் நல்லா விழுது. பெற்றோல்தானே, காஞ்சி போயிரும்."

கறை காய்ந்துதான் போனது. மணம் போகவில்லை. மூன்று தரம் கழுவி வெயிலில் போட்டும் அந்த உடுப்பில் பெற்றோல் நிலையம் மணத்தது. உடுப்பை வாங்க வந்த பெண்ணின் தாய் மூக்கைச் சுழித்தபோது, புதுத் துணியென்றால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பினேன்.

போன கிழமை இந்தப் பத்திரிகையின் வாராந்தப் பக்கத்தில் என் தையல் மெஷின் வந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த மாமி, அதாவது நியாஸின் உம்மா, "ஊட்டுக் கதையெல்லாம் இவள் பேப்பர்ல போடுறாளே" என்று இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. இந்தக் கிழமை கதையிலும் மாமி வருகிறார். என்ன செய்ய, நிந்தவூரில் அவர் இல்லாமல் எங்கள் வீட்டில் ஒன்றும் நடந்ததில்லை.

நாலு சில்லு

நியாஸ் கட்டாரில் ஒரு பாலைவன முகாமில் வேலை செய்தவர். வெளிநாட்டுக்காரர் மணல்மேட்டில் ஏறி இறங்கி விளையாடுகிற நாலு சில்லு மோட்டார் வண்டிகளைத் திருத்துவது அவர் வேலை. அவர் அதை ஏடிவி என்பார். எங்கள் தெருவுக்கு அது நாலு சில்லு.

லீவில் வந்தவர், பொத்துவில் பக்கம் ஒரு ஹோட்டலில் கழித்துப் போட்டிருந்த ஒரு நாலு சில்லை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். வாசலில் இறக்கியபோது மாமி, "இது என்னத்துக்கு வாப்பா? நாலு சில்லு இருக்கு, கூரை இல்லையே" என்றார்.

என்னத்துக்கு என்பது கடற்கரையில் இருந்தது. தோணிகள் கரைசேருமிடத்துக்குப் போகும் பாதையைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. ஐஸ் லொறி வீதியோடு நின்றுவிடும். மீன்பெட்டிகளை ஆட்கள் தலையிலும் தோளிலும் வைத்துக்கொண்டு, கணுக்கால் புதையப் புதைய மணல் ஏற வேண்டும். ஒரு சின்ன வண்டியும் பின்னால் ஒரு இழுவைப் பெட்டியும் இருந்தால் போதும் என்று நியாஸ் கணக்குப் போட்டார்.

ஊருக்கே அண்ணன் முறையான தோணிக்காரர் மஜீது காக்காவிடம் போய்க் கேட்டார். மஜீது காக்கா எதையும் கண்ணால் கண்டுதான் நம்புவார். "வெள்ளிக்கிழம ஜும்ஆக்குப் பிறகு வாங்க தம்பி. பெட்டியெல்லாம் நிரப்பி வைக்கிறன். ஈர மணல்ல இருந்து வீதி மட்டும் நிக்காம இழுத்தா வேல உங்களுக்கு. இல்லாட்டி நான் உழவு மெசின்காரனோட கதைக்கப் போறன்."

இதற்கிடையில் கட்டாரிலிருந்து பழைய முதலாளி புது விசா அனுப்பிவிட்டார். சனிக்கிழமை பதில் சொல்ல வேண்டும் என்று ஏஜென்சிக்காரன் போனில் நின்றான்.

வண்டி மணல் ஏறினால் என் மனுசன் வீட்டில் இருப்பார். ஏறாவிட்டால் மறுபடியும் கட்டார். அந்தக் கிழமை முழுதும் என் தலைக்குள் வேறு ஒன்றும் இல்லை.

அவர் என்னிடம் கேட்காமல் இல்லை. "நீ என்ன புள்ள சொல்ற?" என்று கேட்டார். நான் "உங்கட விருப்பம் மச்சான்" என்றேன். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விசா வந்த மனுசனைப் பார்த்துப் போகாதே என்று சொல்வது எங்கள் பக்கத்தில் பெரிய குற்றம். "ஆம்புளக்கு அல்லாஹ் குடுக்கிற உழைப்புக்கு முன்னால பொஞ்சாதி குறுக்க நிக்கக் கூடாது" என்று மாமி யாரையோ பார்த்துச் சொல்வதுபோல எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆகவே நான் சொல்ல வேண்டியதையெல்லாம் அந்த எஞ்சின் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

எஞ்சின் சொன்னது எனக்கும் விளங்கவில்லை, அவருக்கும் விளங்கவில்லை.

மூச்சுக் கூடினால் இருமலா?

ஹோட்டல்காரர்கள் அந்த வண்டியைக் கடல் தண்ணீரில் ஓட்டியே கெடுத்திருந்தார்கள். சைலன்சர் உப்பில் உக்கி, கையால் தொட்டால் உதிர்ந்தது. காற்று போகிற பில்டர் பெட்டி வெடித்திருந்தது. இரண்டுக்கும் சாமான் கிடைக்கவில்லை.

நியாஸ் வெல்டிங் கடையில் ஒரு அகலக் குழாயை வளைத்துச் சைலன்சராகப் பூட்டினார். பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, மோட்டார் சைக்கிள் கடையில் வாங்கிய கூம்பு மாதிரியான திறந்த பில்டரை உயரத்தில் வைத்தார். மணலும் தண்ணீரும் அங்கே எட்டாதாம்.

முதல் தரம் ஸ்டார்ட் பண்ணியபோது கோழிகள் மதிலுக்கு மேலால் பறந்தன. மாமி ஹெலிகொப்டர் என்று நினைத்து முற்றத்துக்கு ஓடி வந்து வானத்தைப் பார்த்தார்.

சத்தம்தான் அப்படி. இழுவை இல்லை. நின்ற இடத்தில் நன்றாகத் துடிக்கும். அக்சிலேற்றரை முழுக்கத் திருகினால் ஒரு தரம் திணறும், இரண்டு தரம் இருமும், குழாய் வழியாகப் படாரென்று வெடிக்கும்.

எனக்குக் குழப்பமாக இருந்தது. முன்பைவிடக் காற்று தாராளமாக உள்ளே போகிறது. புகையும் தடையில்லாமல் வெளியே வருகிறது. மூச்சு நன்றாக வருகிறவனுக்கு ஏன் இருமல் வர வேண்டும்? அதை அவரிடமே கேட்டேன்.

"நீ தேத்தண்ணிக்குத் தண்ணிய ரெண்டு மடங்காக் கூட்டிப்போட்டு, தேயிலய அப்பிடியே உட்டா எப்பிடி இரிக்கும்?"

"சாயம் பத்தாது."

"அதான். காத்துக் கூடிட்டு, பெற்றோல் அவ்வளவுதான் வருது. ஜெட்டப் பெரிசாக்கணும்."

ஜெட் என்பது ஒரு சின்னப் பித்தளை ஆணி. காபரேட்டரின் அடியில் பெற்றோல் தேங்கி நிற்கிற கிண்ணத்துக்குள் இருக்கும். நடுவில் ஓட்டை. அந்த ஓட்டையால்தான் எஞ்சினுக்குப் பெற்றோல் போகிறது. தலையில் ஒரு நம்பர் அடித்திருக்கும். நம்பர் கூடினால் ஓட்டை பெரிது. இதுவரை எனக்கு விளங்கியது.

எஞ்சினுக்குள் தீப்பொறி போடுகிற பிளக்கின் கதைதான் விளங்கவில்லை. கழற்றிக் காட்டினார். முனை பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. "நல்ல துப்புரவா இரிக்கே" என்றேன். தலையில் கை வைத்தார். வெள்ளை என்றால் பெற்றோல் போதாமல் எஞ்சின் சூடேறுகிறதாம், அப்படியே ஓட்டினால் பிஸ்டன் உருகி ஓட்டை விழுமாம். சரி, கறுப்பு நல்லதா என்று கேட்டேன். கறுப்பென்றால் பெற்றோல் கூடிப்போச்சாம். பிஸ்கட் நிறம்தான் வேண்டுமாம். வெள்ளையும் கூடாது, கறுப்பும் கூடாது, பிஸ்கட் வேண்டும் என்கிற மனுசனோடு நான் எப்படிக் குடும்பம் நடத்துகிறேன் என்று எனக்கே அதிசயமாக இருந்தது.

ஜாம் போத்தல்

அந்த வண்டிக்கு ஜெட் கல்முனையில் இல்லை, அக்கரைப்பற்றில் இல்லை. கொழும்பில் சொல்லி எடுத்தால் வெள்ளிக்கிழமைக்குள் வராது.

கல்முனையில் கராஜ் வைத்திருக்கும் என் தம்பி ஹம்ஸா ஒரு ஜாம் போத்தலோடு வந்தான். அதற்குள் பழைய காபரேட்டர்களில் கழற்றிய ஜெட்டுகள். "எல்லாம் உங்கட வண்டிக்குப் பூட்டுப்படும் மச்சான். நம்பர் பாத்து எடுங்க" என்றான். என் கணவர் அவனுக்கும் மச்சான்தான், எனக்கும் மச்சான்தான். ஒரே அறையில் மூவரும் கதைத்தால் வெளியாருக்குத் தலை சுற்றும்.

நியாஸ் அவற்றைப் பெற்றோலில் கழுவி, நான் பட்டன் அடுக்குவதுபோல என் மேசையில் நம்பர் வரிசைக்கு அடுக்கினார். வண்டியில் இருந்தது நூற்றைந்து. இனி நூற்றுப்பத்து, நூற்றுப்பதினைந்து என்று ஏறிக்கொண்டே போனால் ஒரு இடத்தில் சரிவரும் என்றார். படி ஏறுகிற மாதிரி லேசான வேலையாக இருந்தது.

நூற்றுப்பத்தைப் போட்டார். கொஞ்சம் நல்லம். இருமல் குறைந்தது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை, இறைச்சிக் கஞ்சி காய்ச்சினேன்.

நூற்றுப்பதினைந்தைப் போட்டார். பழையபடி இருமல். பிளக் முன்னைவிட வெள்ளை.

நூற்றிருபதைப் போட்டார். கறுப்புப் புகை தெருவை மூடியது. எதிர்வீட்டில் காயப்போட்டிருந்த உடுப்பெல்லாம் உள்ளே போனது.

நூற்றிருபத்தைந்தைப் போட்டார். மறுபடியும் இருமல். காற்றை மறிக்கிற சோக்கை இழுத்தால் ஓடுகிறது, விட்டால் திணறுகிறது.

"சோக்க இழுத்தா ஓடுதெண்டா பெற்றோல் காணாது" என்றார். பிறகு கையிலிருந்த ஜெட்டின் நம்பரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நூத்தியிருபத்தஞ்சில எப்பிடிக் காணாம வரும்?"

என்னிடம் கேட்டால்?

அந்தக் கிழமை காபரேட்டர் எத்தனை தரம் இறங்கி ஏறியது என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். காற்று களவாகப் போகிறதோ என்று ரப்பர் குழாயைச் சுற்றிச் சவர்க்கார நுரை பூசிப் பார்த்தார். ஒன்றுமில்லை. உள்ளே இருக்கும் நீள ஊசியை ஒரு படி உயர்த்தினார், ஒரு படி இறக்கினார். புதுப் பிளக் போட்டார். அவர் செய்வதைப் பார்க்கப் பார்க்க, ஒரு வேலையில் இவ்வளவு தெரிந்தவருக்கும் ஒன்றும் தெரியாமல் போகுமா என்று எனக்குப் பயமாகிவிட்டது.

ஹம்ஸா வந்து, "சின்னதப் போட்டுப் பாருங்களன்" என்றான். அவனுடைய வாடிக்கையாளருக்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய மருந்து அது. நியாஸ் எழும்பிக் கை கழுவப் போனார்.

ஜெட்டுக்குள் ஊசி

வெள்ளிக்கிழமை காலை எழும்பினால், அலுமாரிக்கு மேல் கிடந்த பெரிய சூட்கேஸ் கீழே இறங்கியிருந்தது. தூசி துடைத்திருந்தது. யார் இறக்கினது என்று நான் கேட்கவில்லை. அவர் குளிக்கப் போயிருந்தார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யாரில் என்று தெரியவில்லை. சூட்கேஸில் ஆத்திரப்பட முடியாது. மேசையில் வரிசையாக இருந்த ஜெட்டுகள்தான் கண்ணில் பட்டன.

ஜெட்டுக்குள் ஊசி விடக் கூடாது என்பது அவர் போட்ட முதல் சட்டம். ஓட்டை விரிந்துவிடுமாம். நான் சாக்குத் தைக்கிற தடித்த ஊசியை எடுத்து நூற்றுப்பத்துக்குள் விட்டேன். சும்மா, ஒரு வீம்புக்கு. ஊசி போய் ஒரு இடத்தில் நின்றது.

அடுத்து நூற்றிருபத்தைந்து. ஊசியின் நுனி மட்டும்தான் போனது.

திருப்பி நம்பரைப் பார்த்தேன். சரியாகத்தான் பார்த்திருந்தேன். ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தேன். நம்பர் ஒரு பக்கம் போனது, ஓட்டை ஒரு பக்கம் போனது. நூற்றுப்பதினைந்துக்குள் ஊசி நுழையவே மறுத்தது. நூற்றிருபதில் பாதிவரை போய் ஆடியது. டோர்ச்சை அடித்து நூற்றிருபத்தைந்தின் உள்ளே பார்த்தேன். பழுப்பு நிறப் பெற்றோல் பிசினுக்கு அடியில் சாம்பல் நிறமாக ஏதோ ஒட்டியிருந்தது. ஈயம்.

அப்போதுதான் எனக்கு வரிசைக் காலம் ஞாபகம் வந்தது.

வரிசைக் காலம்

பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலத்தை இங்கே இருந்தவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. என் ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு போய், வரிசையில் விட்டு, அதற்குப் பக்கத்தில் நின்றபடியே கையால் பொத்தான் தைத்திருக்கிறேன். முன்னால் நின்றவருக்குக் கொடுத்து முடியும்போது பெற்றோலும் முடிந்து, வெறும் டேங்கோடு உருட்டிக்கொண்டு திரும்பியுமிருக்கிறேன்.

அந்த நாட்களில் ஹம்ஸாவின் கராஜில் ஒரே ஒரு வேலைதான் நடந்தது. வருகிற ஆட்டோ, மோட்டார் சைக்கிள் எல்லாவற்றிலும் ஜெட்டைக் கழற்றுவான். ஓட்டையை உட்பக்கத்தால் ஈயம் வைத்து அடைப்பான். மெல்லிய கம்பியால் திரும்பவும் சின்னதாகக் குத்துவான். பெற்றோல் கொஞ்சமாகப் போகும், வண்டி இழுக்காது, ஆனால் நகரும். எங்களுக்கு நகர்ந்தால் போதுமாக இருந்தது. பிறகு பெற்றோல் தாராளமாக வந்ததும் சிலர் அதே ஜெட்டை அளவில்லாமல் பெரிதாகத் துளைத்துக்கொண்டார்கள். சிலர் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போட்டார்கள். தலையில் இருந்த நம்பரை மட்டும் ஒருத்தரும் தொடவில்லை.

ஹம்ஸாவுக்குப் போன் எடுத்தேன். "டேய், அந்த ஜாம் போத்தல்ல கிடந்தது எந்தக் காலத்து ஜெட்?"

"யா அல்லாஹ்" என்றான். "மறந்தே போயிட்டன் ராத்தா. அதுல முக்காவாசி நான் ஈயம் வெச்சது."

நியாஸ் குளித்துவிட்டு வந்தார். ஊசியையும் ஜெட்டையும் காட்டினேன். சட்டத்தை மீறியதற்குக் கோபிக்கக்கூட அவருக்கு ஞாபகம் வரவில்லை. ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்.

"அங்க எல்லாம் புதுப் பக்கட்ல வரும் புள்ள. நம்பரப் பாத்துப் பூட்டுறதுதான் வேல. இப்பிடியொரு வேல நடந்ததெண்டு எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லல்ல?"

"நீங்க இங்க இருக்கல்லயே."

சாதாரணமாகச் சொல்லத்தான் நினைத்தேன். வாயிலிருந்து வந்தபோது அது வேறு மாதிரி இருந்தது. வரிசையில் நின்ற நாட்களில் அவர் கட்டாரிலிருந்து போன் எடுத்து, "பெற்றோல் கிடைச்சா?" என்று கேட்பார். கிடைக்காத நாளிலும் நான் "ஓம்" என்றுதான் சொல்வேன். அவ்வளவு தூரத்தில் இருக்கிறவரைக் கவலைப்படுத்தி என்ன பயன் என்று. அப்படிச் சொல்லாமல் விட்டவை இன்னும் எத்தனையோ இருந்தன. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது, கிணறு வற்றியது, நான் அழுதது. எனக்கு அவரில் கோபமா பாவமா என்று அந்த நேரம் சரியாகத் தெரியவில்லை.

அவர் கையை நீட்டி, "ஊசிய ஒருக்காத் தா" என்றார்.

பிஸ்கட் நிறம்

ஈயம் வைத்ததை எல்லாம் ஒதுக்கினோம். மிச்சத்தை நம்பரைப் பார்க்காமல், ஊசி எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்த்து அடுக்கினோம். நான் ஊசியில் நூல் கட்டி அளவு குறித்தேன். அவர் ஜும்ஆவுக்குப் போய், தொழுகை முடிந்ததும் ஒருவரோடும் கதைக்காமல் ஓடி வந்தார். மாமி ஆக்கி வைத்த சோறு ஆறிக்கொண்டிருந்தது.

முதலில் போட்டதில் கொஞ்சம் புகை கறுத்தது. அதற்கு ஒரு அளவு குறைந்ததைப் போட்டார். தெருவின் கடைசிவரை முழுக்கத் திருகி ஓட்டி, எஞ்சினை நிறுத்தி, உருட்டிக்கொண்டு வந்து பிளக்கைக் கழற்றினார். நான் ஓடிப் போய்ப் பார்த்தேன்.

பிஸ்கட் நிறம்.

அதற்கு முன் பிளக்கைப் பார்த்து அழுத பெண் எங்கள் ஊரில் இருந்திருக்க மாட்டாள். மாமி, "என்னகா, என்ன நடந்த?" என்று பதறிக்கொண்டு வந்தார். "ஒண்டுமில்ல மாமி, பிஸ்கட்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

மணல்

மஜீது காக்கா சொன்ன சொல்லுக்குக் குறையாமல் பெட்டிகளில் ஈர மணல் நிரப்பி வைத்திருந்தார். ஐஸும் மீனும் சேர்ந்த பாரத்தைவிட அது கூடப் பாரம். தோணி ஆட்கள் சுற்றி நின்றார்கள். நானும் மாமியும் கொஞ்சம் தள்ளி, தோணி நிழலில் நின்றோம்.

வண்டி ஈர மணலில் இருந்து கிளம்பியது. புதைமணலில் பின்சில்லு ஒரு தரம் சுழன்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் மட்டும் கேட்டது. திணறல் இல்லை, இருமல் இல்லை, ஒரே சீராக ஏறிக்கொண்டே போனது. கண்ணைத் திறந்தபோது வண்டி வீதி ஓரத்தில் நின்றது, இழுவைப் பெட்டியும் பின்னால் நின்றது.

திரும்பி இறங்கி வந்து எங்களுக்கு முன்னால் நிறுத்தினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மஜீது காக்கா வண்டியில் கையால் தட்டி, "நாளைக்கு விடிய வெள்ளண வந்திருங்க தம்பி" என்று கத்தினார்.

நான் எதிர்பார்த்திருந்த பதில் "ஓம் காக்கா" என்பதுதான். நியாஸ் சொன்னது: "யோசிச்சுச் சொல்றன் காக்கா."

இன்னும் என்ன யோசனை? எஞ்சின் ஏறினால் இருப்பது, ஏறாவிட்டால் போவது என்று நான்தான் தனியாகத் தீர்ப்பு எழுதி வைத்திருந்தேனா? அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கட விருப்பம்" என்று நான் சொன்ன அன்றிலிருந்து இந்த மனுசன் என் முகத்தை இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் போகச் சொல்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

வண்டிக்குப் பக்கத்தில் போனேன். மாமி பின்னால் நிற்கிறார் என்பது தெரியும்.

"போகாதீங்க" என்றேன்.

அகலக் குழாயின் இரைச்சலில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. காதுக்குப் பின்னால் கையை வைத்தார். "என்ன?"

"போகாதீங்க மச்சான்."

தலையை ஆட்டினார். கேட்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் இருந்த பலத்தையெல்லாம் திரட்டிக் கத்தினேன். அதே நேரம் அவர் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட்டார்.

"போகாதீங்க!"

கடற்கரை முழுக்கக் கேட்டது. கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மாமி சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு நின்ற இடத்தில் மணலுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது.

மஜீது காக்கா என்னைப் பார்த்தார், நியாஸைப் பார்த்தார். "எங்க போறீங்க தம்பி?"

நியாஸ் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார்.

"எங்கயும் போகல்ல காக்கா. நாளைக்கு வெள்ளண வாறன்."